மங்கிஸ்தாவ்: எண்ணெய் மாகாணம் ஒன்றை ஆள்வது யார்?

2024 டிசெம்பர் 25ஆம் திகதி பாகுவிலிருந்து குரோஸ்னி நோக்கிப் புறப்பட்ட அஸர்பைஜான் எயார்லைன்ஸ் விமானம், காஸ்பியன் கடலைக் குறுக்கே கடந்து மறுகரையில் வீழ்ந்து நொறுங்கியது. அதில் இருந்த 67 பேரில் 38 பேர் உயிரிழந்தனர். விமானம் வீழ்ந்த இடம் அக்தாவ் நகருக்கு அருகில் என்று செய்திகள் கூறின. சில நாட்கள் அந்தப் பெயர் தொலைக்காட்சிகளில் ஒலித்துவிட்டு மறைந்துபோனது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 2022 ஜனவரியில், கஸகஸ்தான் முழுவதையும் உலுக்கிய ஆர்ப்பாட்டங்கள் தொடங்கியதும் இதே பிரதேசத்தில்தான். 2011 டிசெம்பரில் எண்ணெய்த் தொழிலாளர்கள் மீது பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததும் இங்குதான். துயரம் நிகழும்போது மட்டும் வரைபடத்தில் தோன்றும் இடங்களில் ஒன்றாக மங்கிஸ்தாவ் மாகாணம் இருந்து வருகிறது.

கஸகஸ்தானின் தென்மேற்கு மூலையில், காஸ்பியன் கடலின் கிழக்குக் கரையில் இந்த மாகாணம் அமைந்திருக்கிறது. பரப்பளவு சுமார் 165,600 சதுர கிலோ மீற்றர். சனத்தொகை ஏழு இலட்சத்துக்கும் அதிகம். வடக்கே அத்திராவ் மாகாணமும் வடகிழக்கே அக்தோபே மாகாணமும் உள்ளன. கிழக்கே உஸ்பெகிஸ்தான், தெற்கே துருக்மெனிஸ்தான். தலைநகர் அஸ்தானாவோ நாட்டின் வடக்கில், இங்கிருந்து இரண்டு நாள் புகையிரதப் பயணத் தூரத்தில் இருக்கிறது. இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல விடயங்கள் விளங்கும்.

ஆறில்லாத நிலம்

மங்கிஸ்தாவில் நிரந்தரமாக ஓடும் ஆறு எதுவும் இல்லை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை மிகக் குறைவு. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும், குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும். கிழக்கில் உஸ்தியூர்த் மேட்டுநிலம் உஸ்பெகிஸ்தான் வரை நீண்டு கிடக்கிறது. அதன் விளிம்புகளில் உள்ள வெண்சுண்ணப் பாறைச் சரிவுகள் இன்று சுற்றுலாப் பயணிகளின் படங்களில் அதிகம் காணப்படுகின்றன. அக்தாவுக்குத் தென்கிழக்கே உள்ள கராகியா பள்ளம் கடல் மட்டத்திலிருந்து 132 மீற்றர் கீழே இருக்கிறது. கஸகஸ்தானின் மிகத் தாழ்ந்த இடம் அதுவே. காஸ்பியன் கடலின் மேற்பரப்புக்கூட உலகக் கடல் மட்டத்தை விடச் சுமார் 29 மீற்றர் தாழ்வானது.

இந்த நிலத்தின் பழைய உரிமையாளர்கள் கஸக்குகளின் இளைய கூட்டத்தைச் சேர்ந்த அதாய் குலத்தினர். ஒட்டகமும் குதிரையும் ஆடும் மேய்த்து, கிணறுகளை மையமாக வைத்து இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். பாறைகளைக் குடைந்து அமைக்கப்பட்ட நிலத்தடிப் பள்ளிவாசல்கள் பல இங்கு உள்ளன. பெக்கெத் அத்தா, ஷோபான் அத்தா ஆகிய இரண்டுக்கும் இன்றும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து யாத்திரிகர்கள் வருகிறார்கள். மங்கிஸ்தாவில் 362 ஞானிகள் அடங்கியிருக்கிறார்கள் என்பது மக்கள் வழக்கு. ரஷ்யப் பேரரசின் வரிவிதிப்புக்கும் நிர்வாக மாற்றங்களுக்கும் எதிராக 1870இல் அதாய் மக்கள் கிளர்ந்தெழுந்தனர், அது படைபலத்தால் அடக்கப்பட்டது. ஸ்டாலின் காலத்தில் கால்நடைகள் பறிக்கப்பட்டுக் கூட்டுப்பண்ணை திணிக்கப்பட்டபோது 1931இல் மீண்டும் எழுந்தனர். அதன் பின்னர் வந்த பெரும் பஞ்சம் கஸகஸ்தான் முழுவதிலும் சுமார் 15 இலட்சம் பேரைப் பலிகொண்டது. மங்கிஸ்தாவிலிருந்து பல குடும்பங்கள் துருக்மெனிஸ்தானுக்கும் அங்கிருந்து ஈரானுக்கும் ஓடின. சுதந்திரத்துக்குப் பின்னர் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் அரச மீள்குடியேற்றத் திட்டத்தின் கீழ் திரும்பி வந்தனர். இன்று மாகாணத்தின் சனத்தொகை வேகமாகப் பெருகுவதற்கு உயர்ந்த பிறப்பு வீதத்தோடு இந்தத் திரும்பி வருகையும் ஒரு காரணம்.

தெருப்பெயர் இல்லாத நகரம்

மாகாணத் தலைநகர் அக்தாவ் எண்ணெய்க்காகக் கட்டப்பட்டது என்று பலர் எழுதுவார்கள். உண்மையில் அதன் தொடக்கம் யுரேனியம். 1960களின் தொடக்கத்தில் யுரேனியச் சுரங்கப் பணிக்காகச் சோவியத் அரசு வெறுங் கடற்கரையில் ஒரு நகரை எழுப்பியது. 1964இல் அதற்கு ஷெவ்சென்கோ என்று பெயரிட்டார்கள். உக்ரைனியக் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ, சார் மன்னரின் தண்டனையால் 1850 முதல் 1857 வரை இந்தக் கரையிலிருந்த கோட்டையில் நாடுகடத்தப்பட்ட சிப்பாயாக வைக்கப்பட்டிருந்தார் என்பதே காரணம். அவரது தண்டனையில் எழுதவும் வரையவும் தடை இருந்தது. அந்தக் கோட்டை நகரம் இன்றும் போர்ட் ஷெவ்சென்கோ என்றே அழைக்கப்படுகிறது. தலைநகரோ 1991இல் 'வெண்மலை' எனப் பொருள்படும் அக்தாவ் என்ற பெயருக்குத் திரும்பியது.

அக்தாவின் பழைய பகுதிகளில் தெருக்களுக்குப் பெயர் இல்லை. குடியிருப்புத் தொகுதியின் இலக்கம், கட்டட இலக்கம், வீட்டு இலக்கம் என மூன்று இலக்கங்களே ஒருவரின் முகவரி. திட்டமிடுபவரின் மேசையில் பிறந்த நகரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆறில்லாத இடத்தில் ஒரு நகரத்துக்குத் தண்ணீர் எப்படிக் கொடுப்பது? சோவியத் பொறியியலாளர்கள் அணு உலையைக் கட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய பி.என். 350 என்ற வேக ஈனுலை, மின்சாரம் தந்ததோடு காஸ்பியன் கடல்நீரைக் குடிநீராக்கவும் பயன்பட்டது. உலகில் இவ்வாறான முதல் பெரும் முயற்சி அது. 1999இல் உலை மூடப்பட்டது. அதில் எஞ்சிய எரிபொருளில் அணுகுண்டு செய்யப் போதுமான தரமுடைய மூன்று தொன் புளூட்டோனியம் இருந்தது. அமெரிக்காவின் ஒத்துழைப்புடன் அது 2010ஆம் ஆண்டில் நாட்டின் கிழக்கே செமிபலாத்தின்ஸ்க் பகுதிக்குப் புகையிரதத்தில் கொண்டுசெல்லப்பட்டது. உலை போனாலும் கடல்நீரைக் காய்ச்சும் பழைய ஆலை போகவில்லை. இன்று எரிவாயுவில் இயங்கும் அந்த ஆலைத் தொகுதியே அக்தாவின் மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் ஆதாரம். மற்றொரு ஆதாரம் வொல்கா ஆற்றின் கழிமுகத்திலிருந்து சுமார் ஆயிரம் கிலோ மீற்றர் நீளக் குழாய் வழியே வரும் தண்ணீர். எண்ணெய் வெளியே போகும் இடத்துக்குத் தண்ணீர் வேறொரு நாட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

குளிர்ந்தால் உறையும் எண்ணெய்

1961இல் ஜெத்திபாய், உசென் ஆகிய இரு இடங்களில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. உசென் வயல் மிகப் பெரியது. ஆனால் அதன் எண்ணெயில் மெழுகு அதிகம். சாதாரண அறை வெப்பத்திலேயே இறுகிவிடும். எனவே நிலத்தடிக்குச் சூடான நீரைச் செலுத்தி எண்ணெயை மேலே எடுக்க வேண்டும். ரஷ்யாவின் சமாரா நகர் நோக்கிச் செல்லும் குழாயையும் வழிநெடுகச் சூடாக்க வேண்டும். செலவும் உழைப்பும் மிகுந்த வயல் இது. வடக்கே புஸாச்சி குடாநாட்டில் உள்ள கலம்காஸ், கராஜான்பாஸ் வயல்கள் பின்னர் வந்தவை.

உரிமையைப் பார்ப்போம். உசென் வயலை நடத்தும் ஓசென்முனய்காஸ், அரச கம்பனியான கஸ்முனய்காஸின் துணை நிறுவனம். மங்கிஸ்தாவ்முனய்காஸில் கஸ்முனய்காஸும் சீன தேசிய பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் சரிபாதிப் பங்காளிகள். கராஜான்பாஸிலும் சீனாவின் சிற்றிக் நிறுவனத்துக்குப் பாதி உண்டு. 'முனய்' என்றால் கஸக் மொழியில் எண்ணெய். கம்பனிகளின் பெயரில் மட்டுமல்ல, மாவட்டமொன்றின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது.

கஸகஸ்தானின் மிகப் பெரிய வயல்களான தெங்கிஸும் கஷகானும் மங்கிஸ்தாவில் இல்லை, அவை அத்திராவ் பக்கத்தைச் சேர்ந்தவை. வெளிநாட்டுப் பெருமுதலீடு அங்கேதான் குவிகிறது. மங்கிஸ்தாவில் இருப்பவை அறுபது ஆண்டுகளாக உறிஞ்சப்பட்ட, முதிர்ந்த வயல்கள். இவற்றில் எண்ணெயை விட நீரே அதிகம் மேலே வருகிறது. வயல் முதிர முதிர ஒரு பீப்பாய் எண்ணெய்க்கான செலவு கூடுகிறது. ஆனால் அந்த வயலை நம்பி உருவான நகரத்தின் சனத்தொகை குறையவில்லை, கூடிக்கொண்டிருக்கிறது. ஜானாஓசென் நகரின் எல்லாப் பிரச்சினைகளுக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

அக்கிமும் மஸ்லிகாத்தும்

1973இல் மங்கிஷ்லாக் என்ற பெயரில் இப்பிரதேசம் தனி மாகாணமாக்கப்பட்டது. 1988இல் அது கலைக்கப்பட்டு வடக்கேயுள்ள குரியேவ் மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. குரியேவ்தான் இன்றைய அத்திராவ். 1990இல் மீண்டும் பிரிக்கப்பட்டு மங்கிஸ்தாவ் ஆனது. ஒன்றாக்கியதும் பிரித்ததும் மேலிருந்து வந்த முடிவுகள்.

இன்று மாகாணத்தில் அக்தாவ், ஜானாஓசென் என இரு நகரங்களும் ஐந்து மாவட்டங்களும் உள்ளன. பெய்னியூ மாவட்டம் உஸ்பெகிஸ்தானுக்கும் வடக்குக்கும் செல்லும் புகையிரதப் பாதைகள் பிரியும் சந்தி. கராகியா மாவட்டத்தின் தலைநகரான குரிக்கில் புதிய கப்பல்துறை இருக்கிறது. மாகாணத்தின் பெயரையே தாங்கிய மங்கிஸ்தாவ் மாவட்டத்தின் மையம் ஷெத்பே. துப்கரகான் மாவட்டத்துக்குப் போர்ட் ஷெவ்சென்கோ. ஐந்தாவதான முனய்லி 2007இல் அக்தாவைச் சுற்றி உருவாக்கப்பட்டது. நகரில் வீடு வாங்க இயலாதவர்களும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களும் குடியேறிய புறநகர்க் கிராமங்களே அதில் பெரும்பாலானவை.

மாகாணத்தின் தலைவர் அக்கிம் எனப்படுகிறார். ஆளுநர் என்று சொல்லலாம். அவரை மக்கள் தெரிவு செய்வதில்லை. ஜனாதிபதி நியமிக்கிறார், மாகாண சபையான மஸ்லிகாத் இணக்கம் தெரிவிக்கிறது. மஸ்லிகாத் உறுப்பினர்கள் தேர்தலில் தெரிவாகிறார்கள். ஆனால் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிப்பதும் திணைக்களங்களை நடத்துவதும் அக்கிமின் அலுவலகமே. 2022இன் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின்னர் ஜனாதிபதி குறைந்தது இரு பெயர்களை முன்மொழிய வேண்டும் என்றாகியது. பெயர்களைத் தருவது தொடர்ந்தும் அவர்தான். கிராம அக்கிம்களை 2021 முதல் மக்கள் நேரடியாகத் தெரிவு செய்கிறார்கள். 2023 நவம்பரில் நாடு முழுவதும் 45 மாவட்டங்களிலும் நகரங்களிலும் பரீட்சார்த்தமாக அக்கிம் தேர்தல் நடந்தது. கீழ்ப்படியில் வாக்கு உண்டு, மேலே ஏற ஏற நியமனம்.

பணத்தின் பாதையும் இப்படித்தான். எண்ணெய்க் கம்பனிகளின் முக்கிய வரிகள் 2000ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட தேசிய நிதியத்துக்கு நேராகச் செல்கின்றன. மாகாணத்துக்குக் கிடைப்பது தொழிலாளரின் சம்பளத்தில் வசூலாகும் வரி போன்ற உள்ளூர் வருமானங்கள். அதிலும் ஒரு பகுதியை ஏழை மாகாணங்களுக்காக மத்திக்கு விட்டுக்கொடுக்கும் மாகாணங்களுள் மங்கிஸ்தாவும் ஒன்று. ஒப்பந்தங்களின்படி கம்பனிகள் சமூக அபிவிருத்திக்கெனத் தரும் நிதியை எங்கே செலவழிப்பது என்பதையும் அக்கிமின் அலுவலகமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

மாகாணத்தின் சராசரிச் சம்பளம் நாட்டின் மிக உயர்ந்தவற்றில் ஒன்று என்று புள்ளிவிபரங்கள் காட்டும். சராசரி என்பது ஏமாற்றுக்காரச் சொல். எண்ணெய் வயலில் நிரந்தர வேலை உள்ளவருக்கும், அதே நகரில் பாடசாலையிலோ கடையிலோ வேலை செய்பவருக்கும் இடையிலான பள்ளத்தை அது மூடிவிடுகிறது. மரக்கறி, பழம், மா எல்லாம் வெகுதூரத்திலிருந்து வருவதால் விலையும் அதிகம். 2021 கோடையின் வரட்சியில் தீவனமின்றிக் குதிரைகள் பட்டினியால் செத்து விழுந்த காட்சிகள் நாடெங்கும் பரவின. எண்ணெய்ச் சம்பளம் இல்லாத கிராமத்தவரின் நிலையை அப்போதுதான் பலர் பார்த்தார்கள்.

ஜானாஓசென், டிசெம்பர் 16

ஜானாஓசென் என்றால் 'புதிய ஆறு'. ஆறில்லாத இடத்தில் 1960களில் உசென் வயலுக்காகவே எழுந்த நகரம் அது. 2011 மே மாதத்தில் ஓசென்முனய்காஸ், கராஜான்பாஸ் தொழிலாளர்கள் சம்பளக் கணிப்பு முறை குறித்தும் தாங்கள் விரும்பும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளை ஏற்க வேண்டும் என்றும் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நீதிமன்றங்கள் அதைச் சட்டவிரோதம் என்றன. சுமார் 2,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். தொழிலாளர்களுக்காக வாதாடிய சட்டத்தரணி நத்தாலியா சொக்கலோவாவுக்கு ஓகஸ்டில் ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நீக்கப்பட்டவர்கள் நகரின் மையச் சதுக்கத்தில் ஆறு மாதங்களுக்கும் மேலாகக் கூடியிருந்தார்கள். கோடை வெயிலும் போய் பனிக்காலமும் வந்தது. அவர்களுடன் பேசும் அதிகாரம் உள்ள எவரும் வரவில்லை. அக்கிமுக்குச் சம்பளத்தை மாற்றும் அதிகாரம் இல்லை, கம்பனிக்கு முடிவு தலைநகரிலிருந்து வர வேண்டும். தலைநகர் மௌனமாக இருந்தது.

டிசெம்பர் 16, கஸகஸ்தானின் சுதந்திர தினம். அந்த ஆண்டு இருபதாவது ஆண்டு நிறைவு. தொழிலாளர்கள் இருந்த அதே சதுக்கத்தில் நகர நிர்வாகம் விழா மேடை அமைத்தது. காலையில் கைகலப்பு மூண்டு, மேடையும் ஒலிபெருக்கிகளும் சாய்க்கப்பட்டன. நகர நிர்வாகக் கட்டடமும் எண்ணெய்க் கம்பனி அலுவலகமும் எரிந்தன. பொலிஸார் சுட்டார்கள். கட்டடமொன்றின் மேலிருந்து எடுக்கப்பட்ட காணொளியில், திரும்பி ஓடுபவர்களை நோக்கிப் பொலிஸார் சுடுவதும், வீழ்ந்தவர்களைத் தடியால் அடிப்பதும் தெளிவாகத் தெரிந்தன. அந்த நகரில் குறைந்தது 14 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் ஷெத்பே புகையிரத நிலையத்தில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் மேலும் உயிரிழப்பு நேர்ந்தது. அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது, தொலைபேசி, இணையத் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் நடைமுறையில் என்ன பொருள் தரும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதன் பின்னர் ஜனாதிபதி நஸர்பாயேவ் மாகாண அக்கிமை மாற்றினார். அரச நிதிய நிறுவனத்தின் தலைமையிலிருந்து தன் மருமகன் திமூர் குலிபாயேவையும் நீக்கினார். 2012இல் அக்தாவில் 37 பேர் மீது வழக்கு நடந்தது. தடுப்புக்காவலில் அடித்தும் மூச்சுத்திணற வைத்தும் வாக்குமூலம் பெறப்பட்டதாகப் பலர் மன்றில் கூறினர். ஜூன் மாதத் தீர்ப்பில் 13 பேருக்குச் சிறை கிடைத்தது. வேலைநிறுத்தத்தின் முன்னணிப் பெண்களில் ஒருவரான ரோஸா துலெத்தாயேவாவுக்கு விதிக்கப்பட்ட ஏழாண்டே அவற்றுள் மிகக் கூடியது. எதிர்க்கட்சித் தலைவர் விளாதிமிர் கொஸ்லோவ் தொழிலாளர்களைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ஏழரை ஆண்டுகள் பெற்றார். ஐந்து பொலிஸ் உத்தியோகத்தர்களும் தண்டிக்கப்பட்டனர் என்பதையும் சொல்ல வேண்டும். பல நாடுகளில் அதுகூட நடப்பதில்லை. ஆனால் அவர்களுக்கு மேலே இருந்து கட்டளையிட்டவர் எவரும் கூண்டில் ஏறவில்லை.

2012 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் ஆணையாளர் நவநீதம்பிள்ளை கஸகஸ்தானுக்குச் சென்றார். ஜானாஓசென் சம்பவங்கள் பற்றிச் சுயாதீனமான சர்வதேச விசாரணை வேண்டும் என அங்கேயே கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் இலங்கைக்கு வந்த அதே ஆணையாளர்தான். கஸகஸ்தானில் அவர் கேட்ட விசாரணை நடைபெறவில்லை.

டிசெம்பர் 16இன் சுமை இதோடு முடியவில்லை. 1986இல் அதே நாளில் அல்மாட்டியில் சோவியத் தலைமைக்கு எதிராகக் கஸக் இளைஞர்கள் எழுந்து அடக்கப்பட்டார்கள். 1991இல் அதே நாளில் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது. ஒரே திகதியில் அரசு கொடியேற்றும்போது, ஜானாஓசெனில் சில வீடுகள் துக்கம் அனுஷ்டிக்கின்றன.

60 தெங்கேயும் 120 தெங்கேயும்

மங்கிஸ்தாவில் பெரும்பாலான வாகனங்கள் பெற்றோலில் அல்ல, திரவ எரிவாயுவில் ஓடுகின்றன. அந்த வாயுவைச் சுத்திகரிக்கும் ஆலைகளில் ஒன்று ஜானாஓசென் நகரிலேயே இருக்கிறது. 2022 ஜனவரி முதலாம் திகதி விலைக்கட்டுப்பாடு முற்றாக நீக்கப்பட்டு, லீற்றருக்கு 60 தெங்கே அளவில் இருந்த விலை 120 தெங்கே ஆனது. தங்கள் நகரில் தயாராகும் பொருள் ஒரே இரவில் இருமடங்கானதைக் கண்ட மக்கள் மறுநாளே வீதியை மறித்தனர். 3ஆம் திகதி அக்தாவின் சதுக்கம் நிரம்பியது. அரசு இம்முறை விரைவாக இறங்கிவந்து, மங்கிஸ்தாவில் மட்டும் விலையை 50 தெங்கேயாகக் குறைத்தது. ஆனால் கோரிக்கை அதற்குள் விலையைத் தாண்டிவிட்டது. அக்கிம்களை நாமே தெரிவு செய்ய வேண்டும் என்ற குரல் சதுக்கங்களில் எழுந்தது.

அதன் பின்னர் அல்மாட்டியில் நடந்தவை உலகறிந்தவை. அமைச்சரவை இராஜினாமா செய்தது, ரஷ்யா தலைமையிலான கூட்டுப்படை வந்தது, எச்சரிக்கையின்றிச் சுட உத்தரவிட்டதாக ஜனாதிபதி தொக்காயேவ் தொலைக்காட்சியில் சொன்னார். அரச கணக்கின்படியே 238 பேர் உயிரிழந்தனர். வேறு நகரங்களில் கட்டடங்கள் எரிந்தபோது, போராட்டம் பிறந்த மங்கிஸ்தாவில் அது பெரும்பாலும் அமைதியாகவே நடந்து முடிந்தது. 2011ஐக் கண்ட நகரம் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. சதுக்கத்தில் எதைச் செய்தால் சூடு விழும் என்பதை அங்கிருந்தவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

அதே ஆண்டு ஜூன் 5ஆம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பில், நிலமும் அதன் அடியிலுள்ள வளங்களும் அரசுக்குச் சொந்தம் என்றிருந்த அரசியலமைப்பு வாசகம், மக்களுக்குச் சொந்தம் என்று மாற்றப்பட்டது. மக்களின் பெயரால் அந்த உரிமையை அரசு செயற்படுத்தும் என்ற வரி அடுத்து வருகிறது. ஜானாஓசெனில் வேலை கேட்டு நடக்கும் சிறு சிறு மறியல்கள் அந்தத் திருத்தத்துக்குப் பின்னரும் நிற்கவில்லை.

பின்வாங்கும் கடல்

மாகாணத்தின் அடுத்த நம்பிக்கை துறைமுகம். உக்ரைன் போருக்குப் பின்னர் ரஷ்யாவைத் தவிர்த்து சீனாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் பாதைக்கு மவுசு கூடியிருக்கிறது. அக்தாவிலும் குரிக்கிலும் சரக்கை ஏற்றி பாகுவுக்குக் கொண்டுசெல்வதே அந்தப் பாதையின் நடுக்கண்ணி. காஸ்பியனைச் சுற்றியுள்ள ஐந்து நாடுகளும் கடலின் சட்ட நிலை பற்றிய உடன்படிக்கையில் 2018 ஓகஸ்ட் 12ஆம் திகதி கையெழுத்திட்டதும் அக்தாவிலேயே.

ஆனால் கடல் வற்றிக்கொண்டிருக்கிறது. வொல்காவிலிருந்து வரும் நீர் குறைவதும் வெப்பத்தால் ஆவியாவது கூடுவதும் காரணங்கள். கப்பல்கள் முழுச் சரக்கை ஏற்ற முடியாமல் குறைத்து ஏற்றுகின்றன, துறைமுகத்தை ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது. 2023 ஜூன் மாதத்தில் கடல் மட்டம் இறங்கியதைக் காரணங்காட்டி அக்தாவில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே பழைய மின் ஆலைத் தொகுதி பழுதடைந்து மாகாணம் இருளில் மூழ்கியது. மின்சாரம் நின்றால் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் நிற்கும். அந்த ஆலைக்குக் கடல்நீரை இழுத்துவரும் வாய்க்காலையும், விலகிச் செல்லும் கரையைத் துரத்திக்கொண்டு ஆழமாக்க வேண்டிய நிலையில் அக்தாவ் இருக்கிறது.